வாதாபி கொண்ட நரசிம்மவர்மன்

வரலாற்றில் சில ஆண்டுகள் பல நூற்றாண்டுகளின் போக்கையே மாற்றிவிடுகின்றன. கி.பி. 642 அத்தகையதோர் ஆண்டு. பாரசீகத்தின் நஹாவந்துப் போர்க்களத்தில் சாசானியப் பேரரசின் வலிமை ஒடிந்தது அவ்வாண்டில்தான். அதே ஆண்டில் தென்னாட்டில், சாளுக்கியர் தலைநகராகிய வாதாபி, பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மனிடம் வீழ்ந்தது.

நரசிம்மவர்மன் கலைவேந்தன் மகேந்திரவர்மனின் மைந்தன். தந்தையின் காலத்திலேயே சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பல்லவ நாட்டின் வடபகுதியைக் கவர்ந்துகொண்டான். வடபுலத்துப் பேரரசர் ஹர்ஷரையே நருமதையைக் கடக்கவிடாமல் தடுத்தவன் அவன். காஞ்சி தப்பியதெனினும் பல்லவர் நெஞ்சில் பட்ட புண் ஆறவில்லை.

ஏறத்தாழ 630இல் நரசிம்மவர்மன் அரியணை ஏறினான். புலிகேசி மீண்டும் படையெடுத்து வந்தான். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் பல்லவன் அவனைப் புறங்கண்டான் எனக் கூரம் செப்பேடு கூறும். மணிமங்கலம் காஞ்சிக்கு அண்மையில் உள்ள ஊர். பகைவன் எவ்வளவு நெருங்கி வந்தான் என்பதை இதனால் உணரலாம்.

தற்காப்போடு நரசிம்மவர்மன் நின்றானில்லை. அவன் படை வடதிசை நோக்கி நடந்தது. பின்னாளில் சிறுத்தொண்டர் எனப் போற்றப்பட்ட பரஞ்சோதியார் வாதாபியை அழித்து, யானைகளையும் மணிகளையும் கொணர்ந்து வேந்தனிடம் அளித்தார் எனப் பெரியபுராணம் மொழியும். புலிகேசி அப்போரில் மாண்டான் என்பது வரலாற்றாசிரியர் கருத்து. வாதாபிப் பாறையொன்றில் நரசிம்மவர்மனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இன்றும் உள்ளது. 'வாதாபி கொண்ட' என்னும் அடைமொழி அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

போர் ஒன்றே அவன் வாழ்வன்று. சீனப் பயணி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தது அவன் காலத்தில்தான். நாடிழந்து வந்த இலங்கை இளவரசன் மானவர்மனுக்கு அடைக்கலம் தந்து, கப்பற்படை அனுப்பி அரசை மீட்டுத் தந்தான். மாமல்லன் என்னும் அவன் விருதுப்பெயரை மாமல்லபுரம் தாங்கி நிற்கிறது.

எனினும் 642இன் வெற்றி பகையை முடித்ததா? இல்லை. புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் வாதாபியை மீட்டான். 674இல் அவன் படை உறையூரில் பாசறை அமைத்திருந்தது. தந்தையர் தொடங்கிய பழியை மைந்தரும் பேரரும் சுமந்தனர். உழவரின் வயல்களே இருபடைகளுக்கும் வழியாயின.

நரசிம்மவர்மன் முடிசூடிய காலத்தை ஒட்டி, 630இல், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவினுள் வெற்றியோடு நுழைந்தார்கள். தம்மை ஊரைவிட்டே துரத்தியவர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார்கள். பழிவாங்க வலிமை இருந்தும் வாங்காது விட்டதே அவ்வெற்றியின் பெருமை.

அத்தகைய பெருந்தன்மை ஒரு நூற்றாண்டுக்குப் பின் நம் காஞ்சியிலும் மலர்ந்தது. 733 முதல் 744 வரை ஆண்ட சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். ஆயின் நகரை அழித்தானில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பியளித்தான். அச்செய்தியைக் கூறும் கன்னடக் கல்வெட்டு அக்கோயில் தூணில் உள்ளது.

வாதாபிப் பாறை வீரத்திற்குச் சான்று. காஞ்சித் தூண் பொறைக்குச் சான்று. மாணவர்கள் இரண்டையும் படித்தல் வேண்டும். எதனைப் பின்பற்றுவது என்பதை அவர்தம் உள்ளமே உரைக்கும்.