சிறைக்குள் கூடிய பெண்கள்

காவலரே தனித்து நுழைய அஞ்சிய இலண்டன் நியூகேட் சிறையின் பெண்கள் பகுதிக்குள் 1813இல் எலிசபெத் ஃபிரை அம்மையார் சென்றார். 1817இல் ஒரு குருவானவரின் மனைவியும் குவேக்கர் சபைப் பெண்கள் 11 பேருமாக, பெண் கைதிகளுக்கான சங்கம் அமைந்தது. குழுவில் பெயரிருந்தால் போதுமென அவர்கள் எண்ணவில்லை. முறைவைத்து நாள்தோறும் சிறைக்குச் சென்றனர். தையலும் வாசிப்பும் கற்பித்தனர், வேதாகமம் வாசித்தனர். விதிகளை ஒவ்வொன்றாகக் கைதிகளுக்கு அறிவித்து, அவர்கள் கையுயர்த்திச் சம்மதித்த பின்னரே நடைமுறைப்படுத்தினர். இங்கிலாந்தின் சீமாட்டிகளுக்கே வாக்குரிமை இல்லாத காலம் அது!

1828இல் கணவரின் வங்கி முறிந்தது. குவேக்கர் சபை கணவரை அங்கத்துவத்திலிருந்து நீக்கிற்று. பெரிய வீடும் கைவிட்டுப் போயிற்று. 11 பிள்ளைகளைப் பெற்ற அத்தாய் அவமானத்தால் ஒடுங்கிவிடவில்லை. நாடுகடத்தப்படும் பெண்களின் கப்பல்களுக்கு, 1845இல் மரிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை, வேதாகமமும் தையற்பொருட்களும் கொண்டு சென்றார்.