போருக்கு உடன்படாத வழக்கறிஞர்

பலப்பிட்டியிலே 1907ஆம் ஆண்டு பிறந்த சிங்களப் பெருமகன் ஒருவரின் வரலாற்றை மலைநாட்டுத் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். டாக்டர் கொல்வின் ஆர். டி சில்வாவைப் பற்றி நான் முதன்முதலிற் கேட்டது பள்ளிக்கூடத்திலன்று. அட்டனுக்கு அணித்தான ஒரு தோட்டத்து லயத்திலே, என் பாட்டனார் வாயிலாகவே. அவருக்கு அந்தப் பெயர் முழுதும் நாவில் வாராது. கோவிந்தனுக்காக வாதாடிய வக்கீல் ஐயா என்றே சொல்லுவார்.

கொழும்பு றோயல் கல்லூரியிற் கற்ற கொல்வின், இலண்டன் சென்று சட்டமும் வரலாறும் பயின்றார். இலங்கையில் பிரித்தானியர் ஆட்சி காலூன்றிய காலத்தை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். நாடு திரும்பியபின் வழக்கறிஞர் தொழிலிற் புகழ் ஈட்டினார். 1935ஆம் ஆண்டு டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியபொழுது அதன் முதல் தலைவர் அவரே.

அக்கட்சியினரின் போர் எதிர்ப்பு 1939இல் திடீரென முளைத்ததன்று. முதலாம் உலகப் போரின் நினைவாக நவம்பர் 11ஆம் நாளன்று பொப்பிப் பூ விற்றுத் திரட்டிய பணத்தில் பெரும்பகுதி பிரித்தானியப் படைவீரர்க்கே போய்ச் சேர்ந்தது. அதற்கு மாறாகச் சூரியமல் விற்று, அப்பணத்தை இந்நாட்டு ஏழைகளுக்குச் செலவிட முனைந்த இளைஞர் கூட்டமே பின்னர் சமசமாஜக் கட்சியாயிற்று. சூரியமல் என்பதைச் சூரியகாந்தி என்று எழுதுவாரும் உளர். அது நம் பூவரசம்பூவேயாகும்.

1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் இரண்டாம் போர் மூண்டது. டி. எஸ். சேனநாயக்க உள்ளிட்ட அமைச்சர்கள் பிரித்தானியாவுக்குத் துணைநிற்பதே முறை என்றனர். போருக்கு ஒத்துழைத்தால் முடிவில் ஆட்சிச் சீர்திருத்தம் கிட்டும் என்பது அவர்களது கணக்கு. அரசாங்க சபையிலிருந்த சமசமாஜ உறுப்பினரான என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனவும் அதனை எதிர்த்தனர். இது குடியேற்ற நாடுகளைப் பங்கிடும் இரு வல்லரசு அணிகளின் சண்டை. அடிமை நாட்டுக்கு இதில் யாது வேலை என்பது அவர்கள் நிலை. அவ்வாண்டு டிசம்பரில் கட்சிக்குள்ளும் பிளவு வந்தது. மொஸ்கோவின் மூன்றாம் அகிலத்தின்மீது நம்பிக்கையில்லை என்னும் தீர்மானம் 29க்கு 5 என்ற வாக்குகளால் நிறைவேறியது. டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலானோர் வெளியேற்றப்பட்டனர்.

இவையெல்லாம் கொழும்பில் நிகழ்ந்த வாதங்கள். மலைநாட்டிலோ போர் விலைவாசியின் உருவில் வந்தது. கடைச்சாமான் விலை ஏறிற்று, நாட்கூலி ஏறவில்லை. கண்டி மாவட்டம் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. 1940 ஜனவரியில், பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். கிளர்ச்சி ஓங்கவே அரசாங்கம் விசாரணை ஆணைக்குழு அமைத்தது. கோவிந்தனுடைய மனைவியின் சார்பில் அங்கே தோன்றியவர் கொல்வின். பொலிசாரும் தோட்ட நிருவாகமும் கைகோத்து நின்றதை அவர் தம் குறுக்கு விசாரணையில் வெளிக்கொணர்ந்தார். துரைமார் முன்னிலையில் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கி நின்ற மக்களுக்கு, ஒரு கூலிக்காரனின் சாவுக்காகப் பெரிய வழக்கறிஞர் ஒருவர் எழுந்து பொலிசாரைக் கேள்வி கேட்டார் என்னும் செய்தியே பெரிதாயிருந்தது. போர் பற்றிய அவர் கொள்கையை என் பாட்டனார் அறிந்தாரல்லர். அந்தக் கேள்விகளை அறிந்திருந்தார்.

இவ்விடத்தில் ஒரு விந்தை. முல்லோயாவை ஒட்டி எழுந்த வழக்குகள் பற்றி உள்நாட்டு அமைச்சர் சேர் பாரன் ஜயதிலக்க விடுத்த பணிப்பைப் பொலிஸ் மா அதிபர் ஏற்க மறுத்தார். தேசாதிபதி அவர் பக்கமே நின்றார். போரில் பிரித்தானியாவை ஆதரித்த அதே அமைச்சர்கள் அதனாற் பதவி துறந்து, பின்னர் மீண்டும் அமர்ந்தனர்.

வேலைநிறுத்தங்கள் ஊவாவரை பரவின. தேயிலை போர்க்காலத்தில் பிரித்தானிய உணவு அமைச்சு மொத்தமாக வாங்கிய பண்டம். கொழுந்து நின்றால் அரசாங்கம் பொறுக்குமா? 1940 ஜூன் மாதம், பிரான்ஸ் வீழ்ந்த அந்த நாட்களில், பெரேரா, பிலிப், எட்மண்ட் சமரக்கொடி, கொல்வின் ஆகிய நால்வரும் கைதாயினர். பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கம் பற்றிக் கொல்வின் எழுதிய ஆராய்ச்சி, அந்த ஆட்சியின் சிறையில் அவர் இருந்த காலத்திலேயே நூலாக வெளிவந்தது.

1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் நாட்டின்மீது படையெடுத்ததும், வெளியேற்றப்பட்ட அணியினர் இது மக்கள் யுத்தமெனக் கூறிப் போரை ஆதரிக்கலாயினர். நேற்றுவரை ஒரே மேடையில் நின்றோர் ஒருவரையொருவர் துரோகி என்றனர். இட்லரின் கொடுமை எத்தகையதென முழுதும் அறிந்த இன்றைய நாம், போரை ஆதரித்தோரை எளிதிற் பழிக்க இயலாது என்பதே என் எண்ணம். ஆயினும் வேலைநிறுத்தம் போருக்கு ஊறு என்று தொழிலாளிக்குச் சொல்லப்பட்டபொழுது, அவன் வயிறு எந்தப் பக்கம் நின்றிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டபின் அரிசி வரவு நின்றது. கோதுமை மாவை எப்படிப் பிசைவதென்று லயத்துப் பெண்கள் அக்காலத்திலேதான் கற்றுக்கொண்டனராம். என் பாட்டி சொன்னது.

1942 ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரண்டு நாள் கழித்து, காவலர் ஒருவரின் துணையோடு நால்வரும் கண்டிப் போகம்பறைச் சிறையிலிருந்து தப்பினர். கொல்வின் கடல் கடந்து இந்தியா சேர்ந்து, போர் முடியும்வரை அங்கே தலைமறைவாய் இயங்கினார்.

இதற்கிடையில் தோட்டங்களில் நேர்ந்தது யாது? சமசமாஜிகளின் சங்கம் தலைமையிழந்து தளர்ந்தது. அவ்விடத்தை இலங்கை இந்தியக் காங்கிரசின் சங்கம் நிரப்பிற்று. சிங்களத் தொழிலாளியையும் தமிழ்த் தொழிலாளியையும் ஒரே சங்கத்திற் காணும் வாய்ப்பு அந்த ஐந்தாண்டுகளிலே கைநழுவியது என்றே நான் கருதுகிறேன். 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபொழுது, அப்போது பாராளுமன்ற உறுப்பினராயிருந்த கொல்வின் அதனை எதிர்த்தார். இடதுசாரிகளின் எதிர்ப்பு வாக்குகள் எங்களைக் காக்கப் போதவில்லை.

பிற்கால வரலாறு எனக்கு அத்துணை உவப்பானதன்று. 1970இல் அவர் பெருந்தோட்டக் கைத்தொழில், அரசியலமைப்பு விவகார அமைச்சரானார். தனிச் சிங்களச் சட்டத்தை 1956இல் வன்மையாக எதிர்த்தவரின் மேற்பார்வையிலே, சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு உருவாயிற்று. 1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிற் பசியால் மக்கள் மடிந்தபொழுதும் அவரே தோட்டங்களுக்கு அமைச்சர். கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாவதற்குச் சிறிது முன்னர், அவற்றை எந்த அமைச்சு ஆள்வது என்னும் பிணக்கு முற்றி, 1975 செப்டம்பரில் அவரும் கட்சியினரும் அரசாங்கத்திலிருந்து விலக்கப்பட்டனர். இவற்றையெல்லாம் நான் எடுத்துச் சொன்னால் பாட்டனார் மறுத்துப் பேசமாட்டார். முல்லோயாக் கதையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்.

எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 1988இல் நிறைவேறியது. அதனைக் காணப் பாட்டனார் இருக்கவில்லை. கொல்வின் 1989 பெப்ரவரி 27ஆம் நாள் காலமானார்.