ஆவியை அளந்த ஆசிரியர்

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய நெட்டுக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில், மீன் உலர்த்துவோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. வெயில் கடுமையாக இருப்பினும், காற்றில் ஈரம் மிகுந்துவிட்டால் கருவாடு எளிதில் காயாது. இதன் காரணத்தைக் கணக்காக வகுத்துத் தந்தவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜான் டால்டன். அணுக்கொள்கையின் தந்தையாகவே அவரை நாம் பாடநூல்களில் படிக்கிறோம். அவரை அணுவிடம் அழைத்துச் சென்ற வழி ஆவியின் வழியே என்பதைப் பலர் அறியார்.

1766 ஆம் ஆண்டு ஈகிள்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூரில் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்தார் டால்டன். 12 வயதிலேயே ஊர்ப்பள்ளியில் ஆசிரியரானார். பல்கலைக்கழகத்தில் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1787 இல் வானிலைக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கினார். 1793 இல் மான்செஸ்டர் சென்று கணிதமும் இயற்பியலும் கற்பித்தார்.

உப்பு நீரில் கரைவதுபோல நீர் காற்றில் கரைகிறது என்று அக்காலத்தில் பலர் கருதினர். டால்டன் அதனை ஏற்கவில்லை. காற்றழுத்தமானியில் பாதரசத்திற்கு மேலுள்ள வெற்றிடத்தில் சிறிது நீரைச் செலுத்திச் சூடேற்றினார். காற்றே இல்லாத அவ்விடத்திலும் நீர் ஆவியாகிப் பாதரசத்தைக் கீழே தள்ளியது. வெப்பம் ஏற ஏற ஆவியின் அழுத்தமும் விரைந்து ஏறியது. இன்றைய அளவுப்படி அது 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 17.5 மில்லிமீட்டர்; 30 பாகையில் 32; 100 பாகையில் 760. இந்த அழுத்தத்திலிருந்து, காற்றில் முன்பே உள்ள ஆவியின் அழுத்தத்தைக் கழித்தால் வரும் வேறுபாட்டிற்கேற்பவே நீர் ஆவியாகும். 1801 இல் மான்செஸ்டர் அறிஞர் கழகத்தில் படித்த கட்டுரைகளில் இதனை அவர் விளக்கினார். வேறுபாடு குறைந்தால் கருவாடும் காயாது. உப்பளத்தில் உப்பும் விளையாது.

அவ்வாறாயின் நம் கண்ணுக்குத் தெரியும் ஆவி எது? உண்மையான நீராவி கண்ணுக்குப் புலப்படாது. சூடான தேநீரிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த காற்றோடு கலக்கும்போது, அந்த வெப்பநிலையில் ஆவியாக நிலைக்க முடியாத மிகுதி நுண்துளிகளாகிறது. நாம் காணும் வெண்புகை அத்துளிகளே. எனவேதான் மார்கழி விடியலில் தேநீர் நன்கு புகைகிறது; சித்திரை நண்பகலில் அவ்வளவாகப் புகைவதில்லை.

ஆவியும் காற்றும் கலந்திருந்தும் தத்தம் அழுத்தத்தைத் தனித்தனியே காப்பது ஏன் என்ற சிந்தனையே, 1803 இல் அவரை அணுக்கொள்கைக்கு இட்டுச் சென்றது. 1844 இல் மறைவதற்கு முந்தைய நாள்வரை, 57 ஆண்டுகள் அவர் வானிலைக் குறிப்பு எழுதினார். தாமே செய்த எளிய கருவிகளும் நாள் தவறாத உழைப்புமே அவர்தம் முதல். ஆய்வுக்கூட வசதி குறைவென்று வருந்தும் நம் போன்ற மாணவர்க்கு, அவ்வாழ்க்கை நல்லதொரு பாடமன்றோ!