வ. வே. சு. ஐயர்

அடிமை நாட்டில் நூலெழுதுவதும் போராட்டமே ஆகும். பிலிப்பைன் தீவுகளின் சரித்திரம் இதற்குச் சான்று. 1565 முதல் 1898 வரை அத்தீவுகள் ஸ்பானியர் ஆட்சியில் இருந்தன. ஜோஸே ரிஸால் என்ற வைத்தியர் ஐரோப்பாவிலிருந்து 1887-லும் 1891-லும் இரண்டு நாவல்களை வெளியிட்டார். பாதிரிமாரும் அதிகாரிகளும் குடிகளை வருத்திய விதத்தை அவை உலகறியச் செய்தன. அவர் ஆயுதக் கிளர்ச்சியை நடத்தியவர் அல்லர். ஆயினும் 1896 டிசம்பர் 30-ந் தேதி மணிலாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டாண்டு நிறையுமுன் ஸ்பானிய ஆட்சி அங்கே ஒழிந்தது. அதனிடத்தில் அமெரிக்கர் வந்து அமர்ந்தது வேறு கதை.

தமிழ்நாட்டில் ரிஸாலோடு ஒப்பிட்டு எண்ணத் தக்கவர் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். இருவரும் கடல் கடந்து கற்றவர்கள், பன்மொழிப் புலவர்கள், தாய்நாட்டின் பொருட்டுச் சுகவாழ்வைத் துறந்தவர்கள்.

திருச்சியை அடுத்த வரகனேரியில் 1881 ஏப்ரல் 2-ந் தேதி பிறந்த ஐயர், திருச்சியிலும் ரங்கூனிலும் வக்கீல் தொழில் நடத்தி, 1907-ல் பாரிஸ்டர் பரீட்சைக்காக லண்டன் சென்றார். அங்கே இந்தியா விடுதியில் ஸாவர்க்கருடன் நட்புண்டாயிற்று. சட்டம் பயிலச் சென்றவர் புரட்சி பயின்றார். 1910-ல் ஸாவர்க்கர் கைதானபின் போலீஸார் இவரையும் தேடினர். தாடி வளர்த்துச் சீக்கியரைப்போல் வேடம் பூண்டு அவர் தப்பினார். பெட்டியில் பொறித்திருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துக்களைக் கண்டு ஒற்றன் ஐயுற்றபோது, தம் பெயர் வீர விக்ரம் சிங் என்று சொல்லிச் சமாளித்ததாகக் கூறுவர். அவ்வாண்டின் இறுதிக்குள் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார்.

1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர் ஐயரே என்பது பலர் கொள்கை. ஆனால் அந்தப் பத்தாண்டு வாசத்தில் தமிழுக்கு நிலையாகக் கிடைத்தது அவருடைய எழுத்தே. பாரதியாருடன் பழகி, திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1916-ல் வெளியிட்டார். குளத்தங்கரை அரசமரம் என்ற கதையில் ஒரு பேதைப் பெண்ணின் வாழ்வைப் பணத்தாசை பாழாக்கிய விதத்தைக் காட்டினார். தமிழ்ச் சிறுகதையின் தொடக்கமாகப் பலர் அதனைக் கொள்வர்.

1920-ல் தமிழகம் திரும்பிய ஐயர், காந்தியடிகளின் அஹிம்ஸையை ஏற்று, தேசபக்தன் பத்திரிகையின் ஆசிரியரானார். ராஜத்துரோகக் குற்றம் சாட்டி அவரைப் பெல்லாரிச் சிறையில் ஒன்பது மாதம் அடைத்தனர். அங்கே அவர் கம்பனை மேல்நாட்டு மகாகவிகளோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூல் எழுதினார்.

நாடு கடத்தப்பட்ட ரிஸால் டாபிடானில் சிறுவர்களுக்குக் கல்வி புகட்டினார். ஐயரும் சிறை நீங்கியபின் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் நடத்தினார். அங்கேதான் அவர் வாழ்வின் பெருஞ் சோதனை நேர்ந்தது. காங்கிரஸின் பொருளுதவி பெற்ற அக்குருகுலத்தில், பிராமணச் சிறுவர் சிலர் தனியே உண்ண இடமளிக்கப்பட்டது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியாரும் அதனை எதிர்த்தனர். எதிர்ப்பு நியாயமானதே. பெற்றோரின் விருப்பத்திற்கு இணங்கினார் என்ற சமாதானம் போதாது; அந்நியன் முன் தலைவணங்காதவர் பழவழக்கத்தின் முன் தளர்ந்தார். அப்பிணக்கு தமிழ்நாட்டு அரசியலையே இரண்டாக்கியது. இதனை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

1925 ஜூன் மாதத்தில், பாபநாசத்தை அடுத்த கல்யாண தீர்த்தத்தில் தம் மகள் சுபத்திரை வெள்ளத்தில் சிக்கக் கண்டு, ஐயர் காப்பாற்றக் குதித்தார். இருவரும் மீளவில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

ஐயரின் வீரமும் புலமையும் நம் பிள்ளைகள் அறியவேண்டியவை. சேரன்மாதேவியையும் அவர்கள் அறியட்டும். ஒரே பந்தியில் அமர இசையாதவர்கள் ஒரே நாட்டின் குடிகளாக வாழ்வது எங்ஙனம் என்ற கேள்விக்கு, அந்த உத்தமர் விட்டுச்சென்ற விடையை நாம்தான் எழுதி முடிக்க வேண்டும்.