சாக்கடை கலந்த கடலில் கிடைத்த 'செஃப்' மாத்திரை!

காய்ச்சல்னு டாக்டர்கிட்ட போறோம். சீட்டுல செஃபிக்சிம், செஃபலெக்சின்னு 'செஃப்'பில் தொடங்குற மாத்திரை ஒண்ணு இருக்கும். இந்தக் குடும்பத்தோட பூர்வீகம் எது தெரியுமா? சாக்கடை கலக்குற ஒரு கடலோரம்!

அதைக் கண்டுபிடிச்சவர் ஜியூசெப்பே ப்ரோட்சு. 1895-ல் இத்தாலியின் சார்டினியா தீவில் பிறந்தவர். காலியாரி பல்கலைக்கழகத்தில் சுகாதாரவியல் பேராசிரியர்.

இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சால் சிதைந்த நகரம் காலியாரி. அங்கே டைபாய்டும் மக்களைப் பாடாய்ப்படுத்தியது. பெனிசிலின் வந்திருந்தாலும் டைபாய்டுக்கு அது சரிப்படவில்லை.

அப்போதுதான் ஒரு விஷயம் ப்ரோட்சு கண்ணில் பட்டது. நகரத்தின் கழிவுநீர் கடலில் கலக்கும் சு சிக்கு பகுதியில் இளைஞர்கள் ஜாலியாகக் குளிக்கிறார்கள். ஆனா, நினைத்த அளவுக்கு அவங்களுக்கு டைபாய்டு வரலை. அந்தத் தண்ணிக்குள்ளேயே கிருமியை அழிக்கிற ஏதோ ஒண்ணு இருக்குமோ?

1945-ல் அந்தக் கடல்நீரை எடுத்துச் சோதித்தார். சிக்கியது செஃபலோஸ்போரியம் அக்ரிமோனியம் என்ற பூஞ்சை. அதன் சாறு டைபாய்டு கிருமியையும் விட்டுவைக்கவில்லை. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நல்ல பலன்!

ஆனா, மருந்தைப் பிரித்தெடுக்கப் பெரிய ஆய்வகமோ, பணமோ அவரிடம் இல்லை. கண்டுபிடிப்பைப் பூட்டி வைத்துக்கொள்ளவும் மனசு வரலை. வசதி உள்ளவர்கள் தொடரட்டும் என்று 1948-ல் உள்ளூர் வெளியீடு ஒன்றில் எல்லாத்தையும் எழுதிவிட்டார். பூஞ்சையையும் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே எட்வர்டு ஆபிரகாமும் கை நியூட்டனும் ஆராய்ந்தபோது ஒரு ட்விஸ்ட். டைபாய்டு கிருமியைக் கொன்றது அந்தப் பூஞ்சை சுரந்த ஒருவகை பெனிசிலின். அதோடு கொஞ்சூண்டு ஒளிந்திருந்த இன்னொரு பொருள்தான் செஃபலோஸ்போரின் சி. பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகளோடும் அது மோதியது. அதை மாற்றியமைத்து 1960-களில் முதல் 'செஃப்' மருந்துகள் கடைக்கு வந்தன.

ப்ரோட்சுவோ அரசியலுக்குப் போய், சார்டினியா மாகாணத் தலைவராகவும் காலியாரி மேயராகவும் இருந்தார். 1976-ல் மறைந்தார். பெனிசிலின்னா ஃப்ளெமிங் பெயர் எல்லாருக்கும் தெரியும். இவர் பெயர் பலருக்கும் தெரியாது.

ஆனா, அவர் டைபாய்டுக்காகத் தொடங்கிய தேடல் வீண்போகலை. இன்னிக்கு டைபாய்டுக்கு டாக்டர்கள் எழுதுற முக்கிய மருந்துகளில் செஃப்ட்ரியாக்சோனும் செஃபிக்சிமும் உண்டு. அடுத்த முறை மாத்திரை அட்டையில் 'செஃப்' பார்த்தா, அந்தக் கடலோரப் பேராசிரியரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க!