சைபீரியப் பனிவெளியில் ஒரு பாடம்

மனிதன் தன்னலத்தால் இயங்குபவன் என்ற எடுகோளிலிருந்தே பல்லாண்டுகள் நான் பொருளியல் பாடத்தைத் தொடங்கினேன். பீட்டர் குரோபோட்கினின் வாழ்க்கையைப் படித்ததோ பணி ஓய்வுக்குப் பின்னர்தான்.

1842-இல் மாஸ்கோவில் இளவரசராகப் பிறந்தவர் அவர். ஜார் மன்னரின் அணுக்கப் பணியாளராக இருந்தவர், அரண்மனைச் சுகத்தை விடுத்து, 1862-இல் சைபீரியப் படைப்பணியைத் தாமே விரும்பி ஏற்றார். டார்வினின் நூல் வெளிவந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. ஓரின விலங்குகளுக்கிடையே கடும் போட்டி நிலவும் என எதிர்பார்த்துத் தேடினார், அரிதாகவே கண்டார். பனியையும் பசியையும் அவை கூடி நின்று எதிர்கொள்வதையே மிகுதியாகக் கண்டார். அமூர் ஆற்றைக் கடக்க மான்கள் பெருந்திரளாகக் கூடிய காட்சி அவர் நெஞ்சில் நிலைத்தது.

1874-இல் புரட்சிப் பரப்புரைக்காகச் சிறைப்பட்டார். 1876-இல் தப்பி மேற்கு ஐரோப்பா சென்றார். 1888-இல் ஹக்ஸ்லி விலங்குலகை ஓயாத மற்போர்க் களமாகச் சித்திரித்தபோது, தொடர் கட்டுரைகளால் மறுமொழி அளித்தார். அவையே 1902-இல் ‘பரஸ்பர உதவி’ நூலாயின. போட்டியை அவர் மறுக்கவில்லை. ஒத்துழைப்பும் பரிணாமத்தின் காரணியே என்றார். மனித அறவுணர்வின் வேரையும் அங்கேயே கண்டார்.

அந்த அறத்தை அவர் அரசியலிலும் கைவிடவில்லை. 1917-இல் தாயகம் திரும்பியவர், புதிய அரசு பணயக் கைதிகளைப் பிடித்ததை லெனினுக்கே எழுதிக் கண்டித்தார். 1921-இல் திமித்ரோவ் நகரில் மறைந்தார்.

உறவல்லாதார்க்கும் உதவும் பண்பு இயற்கைத் தேர்வில் எவ்வாறு நிலைக்கிறது என்பதை அவர் முழுமையாக விளக்கவில்லை. பின்வந்தோர் கணிதத்தின் துணையுடன் அதை ஆராய்ந்தனர். ஆயினும் கேள்வியைச் சரியாக எழுப்பியவர் அவர். மனித இயல்பு என்று எதைக் கற்பிக்கிறோமோ, அதையே மாணவர் பிறரிடம் எதிர்பார்க்கப் பழகுகின்றனர். பாதி உண்மையை முழு உண்மையாகக் கற்பித்தவன் நான்.