மறைத்த பெயரை அச்சிட்டவர்

திண்டிவனம், விழுப்புரம் கல்லூரிகளுக்குப் பேருந்தேறி வரும் நம் பிள்ளைகளிடம் எந்த ஊர் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். எந்தத் தெரு என்று கேட்டால் பலர் பேச்சை மாற்றுவார்கள். அந்த அச்சம் நமக்கும் பழக்கமானதுதான்.

இரட்டைமலை சீனிவாசனுக்கும் அது இருந்தது. திண்டிவனத்துக்கு வடக்கே, மதுராந்தகம் அருகிலுள்ள கோழியாளத்தில் பிறந்தவர் அவர். கோயம்புத்தூரில் படித்தபோது சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படிப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். பள்ளி விட்டதும் விரைந்து வீடு திரும்புவார்.

அந்த மாணவர்தான் 1893-இல் சென்னையில் ஓர் இதழ் தொடங்கினார். எந்தப் பெயரை மறைத்தாரோ அதையே அதற்குச் சூட்டினார்: 'பறையன்'. தொடக்கத்தில் நான்கே பக்கங்கள், மாதம் ஒருமுறை. பிறகு அது வார இதழானது.

1923-இல் சென்னை சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று 1924-இல் அங்கே தீர்மானம் கொண்டுவந்தார். 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் கலந்துகொண்டார்.

இது ஒரே நாளில் வந்த துணிச்சல் அல்ல. நான்கு பக்கத்தில் தொடங்கி, படிப்படியாக வளர்ந்தது.

நாம் அஞ்சியது நம் குற்றமல்ல. அஞ்ச வைத்தவர்களின் குற்றம். ஆனாலும் முதல் அடியை நாம்தான் எடுத்துவைக்க வேண்டும். நாளை வகுப்பில் எழுந்து ஒரு சந்தேகம் கேட்போம். அடுத்த கிராம சபையில் நம் தெருவிளக்குக்காக ஒரு மனு கொடுப்போம். தெருப் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லும் நாள் தானே வரும்.